கல்லாற்றில் வெடி

1979 பிப். 6, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கல்லாறு பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். பினாங்கிலிருந்து வந்து நாலு மாதம். ஆற்றில் நீர்நாய்களைக் கவனித்துக் குறிப்பதுதான் கல்லூரி தந்த பயிற்சி. வழிகாட்டி செல்லையா அண்ணன். நாகர்கோவில் பக்கத்துக்காரர், கல்லாற்றுக் கரையில் டீக்கடை. நீர்நாய்ப் பொந்தைக் காட்டித் தந்ததே அவர்தான். இன்று தாய் ஒன்று, குட்டி இரண்டு. வாங்க வேண்டியவை: பேட்டரி, தலைக்கு எண்ணெய்.

பிப். 8, வியாழன்
பத்து மணிக்கு ஆற்றில் பெரிய சத்தம். ஓடினேன். ஆற்று மடுவான கயத்தில் மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. நடுவே தாய் நீர்நாய், மூக்கில் ரத்தம். இடுப்பளவு நீரில் மீன் பொறுக்கிக்கொண்டிருந்தவர் செல்லையா.

"அண்ணே, நீங்களா வெடித் தோட்டா போட்டீங்க?"

"அது இங்க கெடக்கும்னு நெனைக்கலம்மா. கடைக்கு மீன் வேணும்லா. எம்பேர மட்டும் எழுதிராதீங்க. பாரஸ்ட்காரன் கடையப் பிரிச்சிருவான்."

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பிணத்தை இரண்டு முறை அளந்தேன். பொந்துக்குள் குட்டிகளின் கீச்சு.

வலியசாலையில் வீட்டுக்கார மாமி வாசலிலேயே மறித்தாள். "என்னடி இது, ஒரே மீன் நாத்தம்! கெணத்தடில குளிச்சுட்டு உள்ள வா." நேரே கிணற்றடிக்குப் போனேன். எதிர்த்துப் பேசியிருந்தால் வாடகை அறை போயிருக்கும்.

பிப். 9, வெள்ளி
கல்லூரி. என் பயிற்சியை மேற்பார்வை செய்யும் மலையாளி சாரிடம் படிவம் நீட்டினேன். இறப்புக் காரணம்: வெடி. சிவப்பு மையால் அடித்தார்.

"நேச்சுரல்னு எழுது மோளே. வெடின்னா பாரஸ்ட்காரங்களுக்கு தேஷ்யம் வரும், அந்தக் கோபத்துல நம்ம பெர்மிட் போகும். பின்னே உனக்கு சர்டிபிகேட் எவிடேந்து கிடைக்கும்?"

"மூக்குல ரத்தம் வந்து செத்தது நேச்சுரலா சார்?"

"நான் சொன்னா போரே, போதாதா?"

நாலு மாதம் அட்டைக்கடி. நேச்சுரலாம்!

பிப். 10, சனி
பொந்தில் ஒரு குட்டிதான். மற்றதைக் காணோம். பொந்து வாசலில் செல்லையா கொண்டு வைத்த மீன், அப்படியே.

"தின்ன மாட்டேங்குதும்மா" என்றார்.

டீ நீட்டினார். நான் அதைத் தொடவில்லை.

பிப். 12, திங்கள்
புதுப் படிவம். வெடி என்றே டைப் அடித்தேன். செல்லையா பெயரை எழுதவில்லை. இரக்கமா, கோழைத்தனமா? எதுவானாலும் என் மேலேயே எரிச்சல்.

சார் கையெழுத்துப் போடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். என் கையெழுத்தை மட்டும் போட்டு, பாரஸ்ட் ஆபீஸ் விலாசம் எழுதி, இரண்டு மணிக்குத் தபாலில் சேர்த்தாயிற்று. என் சர்டிபிகேட்டை சார் என்ன செய்வார் என்று தெரியும். செய்யட்டும்.