வாஷிங் மெஷினை மட்டும் விசாரித்த அப்பா

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். என் புத்திதான் கொஞ்ச நாளாகச் சுகமில்லாமல் கிடந்தது, நேற்றுத்தான் தெளிந்தது. நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

கம்பெனி வேலையை விட்டு, சொந்தமாக வாஷிங் மெஷின் பழுது பார்க்க ஆரம்பித்த பிறகு இது முதல் வரிக் கணக்கு. தொழிலுக்காகப் பேசிய போன் செலவையும் இன்டர்நெட் செலவையும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், வீட்டுப் பேச்சை மட்டும் பிரித்துவிடுங்கள் என்று ஆடிட்டர் சொன்னார். கோடு போடச் சொன்னால் ரோடு போடுகிற ஆளாயிற்றே நான். பில்லைப் பார்த்தால் பாதிக்கு மேல் உன்னோடு பேசியது. அதை ஏன் விட வேண்டும், பேச்சில் மெஷின் வந்துவிட்டால் அதுவும் தொழில் பேச்சுதானே என்று மூளை ஓடியது. என்னை மிஞ்சின கெட்டிக்காரன் இல்லை என்று தனியாகச் சிரித்துக்கூடக் கொண்டேன். அதனால்தான் ஒரு மாதமாக உன்னிடம் டிரம் சுற்றுகிறதா, தண்ணீர் வடிகிறதா, பெல்ட் கத்துகிறதா என்றே கேட்டேன், நீ வேறு பேச்சை எடுத்தால் சொந்தப் பேச்சாகிவிடுமே என்று அவசரமாகப் போனை வைத்தேன். நேற்று இந்தத் திட்டத்தை ஆடிட்டரிடம் பெருமையாக எடுத்துவிட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, மெஷின் பாக்குறதுக்குப் பொண்ணு உங்களுக்குக் காசு குடுக்குதா, இது எப்படி சார் தொழிலாகும் என்றார். தன் வரிக் கணக்கைக் காட்ட அங்கே காத்திருந்த ஒரு போட்டோகிராபர் சிரித்தார், நானும் அசடு வழியச் சிரித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கரண்டியோடு நிற்கிறாள். பொண்ணுக்கு வேலை போயிடுச்சாம், உங்ககிட்ட சொல்ல வந்தா ஃபில்டரைக் கழுவினியான்னு கேட்டுட்டு வச்சுட்டீங்களாம், இனிமே அப்பாகிட்ட பேசவே மாட்டேன்னு அழுவுறா என்றாள். அன்று நீ, ஒண்ணு சொல்லணும்ப்பா என்று ஆரம்பித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. யார் வீட்டு மெஷினானாலும் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவேன், பெற்ற பெண்ணின் குரல் உடைந்தது காதில் விழவில்லை. என்னை நம்பி எப்படித்தான் மெஷினைத் தருகிறார்களோ.

உன்னோடு பேசியது மொத்தமும் வீட்டுச் செலவு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், வருகிற வரி வரட்டும். வேலை போனால் போகிறது, உன் கெட்டிக்காரத்தனம் எங்கும் போகவில்லை, அது அம்மா வழியில் வந்தது. மாப்பிள்ளையிடம் சிடுசிடுக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் போன் போடு. உன் மெஷின் நடுவீட்டில் வெடித்தாலும் நான் கேட்க மாட்டேன். நீ வைக்கிற வரைக்கும் நான் வைக்கவும் மாட்டேன்.

இப்படிக்கு,
உன் தொழிலதிபர் அப்பா