தாழிடாத கோட்டத்துக்கு ஒரு தலைவி

மாரி வழங்குக. மன்னுயிர் தழைக்க.

கீழ்க்கடல் அலையும் மேல்மலை முகிலும் காவலாக நிற்கும் குருந்தநாட்டில், முன்னோர் ஏந்திய செங்கோலைத் தானும் வழுவாது ஏந்தும் கடமை பூண்டவளும், தந்தைக்குப் பின் குருந்தமாநகர் அரியணையில் அமர்ந்தவளுமாகிய அல்லியங்கோதை மாதேவி எழுதுவித்த திருமுகம்.

காந்தள்மலைச் சாரலில் தினையும் வரகும் விளையும் சிறுகுடியில் வாழ்பவரும், முன்னர்த் தாழைத்துறை இளையோர் சிறைக்கோட்டத்துக்குத் தலைவியாயிருந்து பிழை செய்த பிள்ளைகளின் காலிலிருந்து தளை கழற்றியவருமாகிய எயினன் மகள் சாத்தியார் காண்க. அம்மையீர், உம் மலைக்கு மழை தப்பாதிருப்பதாக. உம் தினைப்புனத்தில் கிளி இறங்காதிருப்பதாக. உம் ஆடுகள் ஈன்று பெருகுவதாக.

உம் நலம் கேட்டு வர யாம் அனுப்பிய தூதன் திரும்பி வந்து சொன்னவற்றுள் ஒன்று எம்மை வெகுநேரம் சிரிக்க வைத்தது. ஆடுகளுக்குப் பட்டி கட்டியிருக்கிறீராம். வாயிலுக்குப் படல் மட்டும் வைக்கவில்லையாம். ஏனென்று அவன் வினவியதற்கு, வருகிற ஆட்டுக்குப் படல் இடைஞ்சல் என்று மறுமொழி தந்தீராம். பழகிய பழக்கம் மலையேறினாலும் விடாது போலும். சிரித்து ஓய்ந்த பின்னர் அந்தப் பட்டியை எண்ணி எமக்குக் கண் கலங்கியதையும் மறையாது எழுதுகிறோம்.

தலைநகர்க் கோட்டத்தையும் நாட்டிலுள்ள ஏனை இளையோர் கோட்டங்களையும் ஏற்று நடத்துமாறு சென்ற ஆடியில் யாம் விடுத்த ஓலைக்கு நீர் எழுதிய மறுமொழி இரண்டே வரி. அடியேன் இப்பதவிக்கு ஆகேன் என்பது முதல் வரி. என் வாயில் திறந்து கிடந்ததால் ஒரு பிள்ளை போனான் என்பது அடுத்த வரி. அவையில் அது படிக்கப்பட்டபோது, அரசின் அழைப்பை இரண்டு வரியில் மறுப்பது முறையன்று என்று முதலமைச்சர் முகம் சுளித்தார். அவரைக் குறை சொல்லோம். அவர் தும்மினாலும் நான்கு வரி ஆகும். யாம் அவ்வோலையைக் கையில் வாங்கிப் பார்த்தோம். இரண்டிடத்தில் எழுத்தாணி ஓலையைக் கிழித்திருந்தது. ஆண்டுதோறும் உம்மிடமிருந்து ஓலை பெற்று உம் கையழுத்தம் அறிந்த எமக்கு, அது செருக்கினால் வந்த சுருக்கம் அன்று என்பது விளங்கியது. ஆகவே உம் மறுப்பைத் தள்ளிவைத்து மீண்டும் எழுதுகிறோம். பொறுத்துப் படித்தருள்க.

பதவி தரும் ஓலையில் பெறுவோரின் பணியைச் சொல்லுதல் இந்நாட்டு வழக்கம். உம் பணியை உமக்கே எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். ஆயினும் பின்னாளில் இதைப் படிப்போர் அறிதல் வேண்டி எழுதுவிக்கிறோம்.

தாழைத்துறைக் கோட்டத்துக்கு நீர் சென்ற நாளில், களவு செய்த பிள்ளைக்கும் கலகம் செய்த பிள்ளைக்கும் அங்கே ஒரே மருந்து, காலில் தளையும் கதவில் தாழும். நீர் இரண்டையும் நீக்கினீர். அவற்றுக்கு ஈடாக நீர் வைத்தது பிணைச்சோறு என்னும் வழக்கம் ஒன்றே. கோட்டத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு வீடு பிணை நிற்கும். மாலையில் பிள்ளை தானே நடந்து அவ்வீட்டுக்குச் சென்று, வீட்டாரோடு அமர்ந்து உண்டு, தானே நடந்து திரும்பி வரும். அவ்வளவே. ஆனால் பிணை நிற்குமாறு முதலில் எவரைக் கேட்பது என்பதில் உம் துணிவு இருந்தது. எவருக்குத் தீங்கு நேர்ந்ததோ அவரையே முதலில் கேட்டீர். கோழி பறிகொடுத்தவள் வாயிலில், கோழி திருடிய பிள்ளைக்காகப் போய் நின்றீர். அவள் விளக்குமாற்றை எடுத்த கதையை நீரே எமக்கு எழுதியிருக்கிறீர். மறுநாளும் அதே வாயிலில் நின்றீர் என்பதை எமக்குச் சொன்னவர் வேறொருவர்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். பிள்ளைகள் நினைத்தனர். உண்ட வீட்டில் மீண்டும் கன்னமிட எவருக்கும் கை எழவில்லை. வைதுகொண்டே சோறு போட்ட வீட்டாரும், பிள்ளை வரத் தாமதித்தால் தெருவில் இறங்கி எட்டிப் பார்க்கத் தொடங்கினர். நீர் நீங்கிய பின் வந்த அதிகாரி கதவுக்கு மீண்டும் தாழிட்டபோது முதலில் சண்டைக்கு வந்தவள் யார் என்று நினைக்கிறீர். அதே கோழிக்காரி. “எங்கோழியத் தின்னு வளந்தவன்யா அவன். இப்ப எலும்பும் தோலுமா நிக்கிறான். வெளிய விடு” என்று அவள் கோட்டத்து வாயிலில் கூவியதாக ஒற்றர் எழுதினர். இச்செய்தி உம் மலைக்கு வந்து சேர்ந்திராது என்று எண்ணியே இங்கு எழுதச் சொன்னோம்.

இனி எம் நகரத்துச் செய்தி. நீர் வருந்தாதீர், நடந்ததைச் சொல்கிறோம். உம் வழக்கத்தின் புகழ் கேட்டு அதனைத் தலைநகர்க் கோட்டத்திலும் நடத்த அவையோர் முடிவு செய்தனர். பிள்ளைகள் தெருவில் தனியே நடப்பது காவலுக்கு ஊறு என்று ஓர் அமைச்சர் உரைத்தார். அப்படியாயின் சோறு பிள்ளைகளைத் தேடி வரட்டும் என்று மற்றொருவர் திருத்தினார். அரண்மனை மடைப்பள்ளியில் வடித்த சோற்றைச் செப்புக் குடங்களில் நிரப்பி, முன்னே முரசும் பின்னே வேலும் செல்ல, கோட்டத்துக் கதவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டு மறுபடியும் தாழிட்டனர். பருப்புக்கும் நெய்க்கும் குறைவில்லை. பிணைச்சோறு இனிதே நடைபெறுகிறது என்று எமக்கு எழுதியும் அனுப்பினர்.

கோட்டத்தில் வேம்பி என்றொரு சிறுமி இருக்கிறாள். சந்தையில் வளையலை எடுத்துக்கொண்டு ஓடியதற்காக வந்தவள். அவள் கலத்தைத் தொடாமல், இது யார் வீட்டுச் சோறு என்று காவலனை வினவினாளாம். அரண்மனைச் சோறு என்று அவன் பெருமிதத்தோடு சொல்ல, “அரமனையில எனக்காக யாரு காத்துக்கிட்டு இருக்காங்க” என்று கேட்டுக் கலத்தைத் தள்ளிவிட்டாளாம். அடங்காதவள் என்று காவலன் குறித்து அனுப்பினான். அதைப் படித்த அன்று எமக்கும் உண்ண மனம் வரவில்லை. எம் அறிஞர் சோற்றை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டனர். இதைத் திருத்த அறிந்தவர் இந்நாட்டில் நீர் ஒருவரே.

காலம் தாழ்த்தவும் இடமில்லை. கோட்டத்தின் தலைமை ஓராண்டு வெறிதே கிடந்தால் அது பெருங்குற்றவாளிகளைக் காக்கும் கோட்டைத் தலைவர் கைக்குப் போதல் பழஞ்சட்டம். எம் பாட்டனார் கல்லில் வெட்டுவித்தது, எம்மாலும் பெயர்க்க இயலாது. வருகின்ற கார்த்திகை விளக்கீட்டோடு தலைநகர்க் கோட்டத்துக்கு அவ்வாண்டு நிறைகிறது. கோட்டைத் தலைவர் கொடியவர் அல்லர். கல் உடைக்கும் களம் ஒன்றையே அறிந்தவர். பெரிய குற்றவாளிகளோடு பிள்ளைகளையும் அங்கே சேர்த்துவிட்டால் இரண்டு காவல் ஒரு காவலாகும் என்று இப்போதே சொல்லிவருகிறார். வேம்பியின் கைக்கு ஏற்ற அளவில் ஒரு சிறு சுத்தியல் வடிக்கச் சொல்லியிருப்பதாகவும் கேள்வி. அவரளவில் அது இரக்கம்.

இனிக் கொற்றனைப் பற்றி எழுத வேண்டும். அவன் பெயரைச் சொல்லாமலே இவ்வோலையை முடித்துவிடலாம் என்று முதலமைச்சர் சொன்னார். அது உம்மை அவமதிப்பதாகும் என்று யாம் கருதினோம். படகுக் கயிற்றைத் திருடி வந்த கொற்றனுக்கு, கயிற்றை இழந்த படகுக்காரரின் வீடே பிணை நின்றது. அவ்வீடு கால்வாய்க்கு அப்பால். ஐப்பசி மழையில் கால்வாய் கரை புரண்ட மாலையில், உண்டு திரும்பிய பிள்ளை வெள்ளத்தோடு போனான். இன்று இங்கேயே தங்கு என்று படகுக்காரர் தடுத்ததும், கோட்டத்தில் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று சொல்லி அவன் நீரில் இறங்கியதும் ஊரறிந்தவை. நீரும் வாயிலில் நின்றுகொண்டுதான் இருந்தீர். அந்தச் சொல்லே உம்மை மலையேற்றியது என்பதை அறிவோம். ஓடிப்போக எண்ணியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், திரும்பி வர எண்ணியதால் இறந்தான். இதற்கு ஆறுதல் எம்மிடம் இல்லை. உம் பிழையன்று என்று எழுதினால் நீர் நம்பப் போவதுமில்லை. ஆகவே அதை எழுதவில்லை. உம்மோடு சேர்ந்து அழுதோம் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

அம்மையீர், இந்நாட்டில் பதவி ஏற்போர் எவராயினும் அவருக்காக ஒருவர் பிணை நின்று ஓலையில் கீறலிட வேண்டும் என்பது நீர் அறிந்தது. அவையில் பலர் உமக்காக எழுந்தனர். முகம் சுளித்த முதலமைச்சரும் எழுந்தார் என்பதை அவர் பொருட்டுச் சொல்லிவைக்கிறோம். யாம் எவரையும் ஏற்கவில்லை. தீங்கு நேர்ந்தவரையே முதலில் கேட்க வேண்டும் என்பது நீர் வகுத்த முறை. உமக்கும் அதுவே முறை என்று துணிந்து, யாமே தாழைத்துறைக்குப் போய், கொற்றனைப் பெற்ற செய்யாளின் வாயிலில் நின்றோம். வலை பின்னிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. வருக என்றும் சொல்லவில்லை. மறுநாளும் போய் நின்றோம், அதை உம்மிடம் கற்றோம். அன்று அவள் வாய் திறந்தாள். அவள் சொன்னதைச் செந்தமிழாக்க எழுதுவோன் முனைந்தான். ஓரெழுத்தும் மாற்றாதே என்று தடுத்தோம். அவள் சொல் இது.

“எம் புள்ளைய அந்த அம்மா இரும்புல பூட்டி வச்சிருந்தா இன்னைக்கு உசுரோட இருப்பான். அது எனக்குத் தெரியும். தெரியாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நாளா அவங்க பேரக் கேட்டாலே வயிறு எரிஞ்சுது. ஆனா தாயி, அதுக்கு முன்னாடி எம் புள்ள எந்த வீட்டுக்கும் திரும்பி வந்தவனில்ல. எங்க வீட்டுக்கே வந்ததில்ல. திரும்பிப் போகணும்னு அவனுக்கு ஒரு நெனப்ப உண்டாக்குனது அவங்கதான். இப்ப அவங்க மலையில ஆடு மேய்ச்சா எம் புள்ள வந்துருவானா? மத்த புள்ளைங்க நாதியத்துக் கெடக்குறதுதான் மிச்சம். எங்க கீறணும், சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. அந்தக் கால்வாய்க்கு ஒரு பாலம் போடச் சொல்லுங்க.”

பாலத்துக்கு மரம் இறக்கியாயிற்று. இவ்வோலையின் அடியில், எம் முத்திரைக்கு மேலே, வலைமுடிச்சுப் போல ஒரு கீறல் இருக்கக் காண்பீர். அது செய்யாள் இட்டது. ஓலையில் எழுத்தாணி பிடித்துப் பழகாத கை, ஆயினும் ஓலை கிழியாமல் மெல்லவே இட்டாள்.

ஆகலின், குருந்தநாட்டு இளையோர் கோட்டங்கள் அனைத்துக்கும் எயினன் மகள் சாத்தியாரே தலைவியாக அமர்தல் வேண்டும் என்பது எம் விருப்பம், அவையின் விருப்பமும் அதுவே. தாழ், தளை, காவல், வாயில் இவற்றுள் எதை வைப்பது, எதை ஒழிப்பது என்பதில் உம் சொல்லே முடிவு, எம் அமைச்சர் எவரும் இடைபுகார். மழை மிகுந்த நாளில் பிள்ளைகள் பிணைவீட்டிலேயே தங்குமாறு சட்டம் செய்ய நீர் விரும்புவீர் என்று எண்ணி, எழுதாத ஓலை ஒன்றில் முத்திரையிட்டு வைத்திருக்கிறோம். வாசகத்தை நீர் எழுதுக. வரும்போது நெஞ்சில் கொற்றனோடுதான் வருவீர் என்பதும் எமக்குத் தெரியும். அவனை விட்டுவிட்டு வாரும் என்று யாம் கேட்கவில்லை. ஒரு பிள்ளையை இழந்து இத்தனை நாள் உறங்காதவரே மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டும்.

கடைசியாக ஒன்று. இவ்வோலையை உம் ஊர்த்தலைவர் உம் கையில் தந்திருப்பார். அவரிடம் தந்தவர் எம் தூதன் அல்லன், செய்யாள். தானே கொண்டுபோவதாகக் கேட்டுக்கொண்டாள். இப்போது உம் ஊர் எல்லையிலுள்ள சாவடியில் அமர்ந்திருப்பாள். உம்மை நேரே கண்டால் தன் முகத்துக்கு அஞ்சி நீர் ஒப்புக்கொண்டுவிடுவீர் என்று அவளுக்கு ஐயம். அப்படி வரும் ஒப்புதல் தனக்கு வேண்டா என்றாள். நீர் படித்து முடிக்கும் வரை வாயிலுக்கு வரமாட்டேன் என்று எம்மிடம் சொல்லியிருக்கிறாள். கடற்கரையில் பிறந்தவள், மலையேறிப் பழக்கமில்லாதவள். உம் மறுமொழியை எமக்கு எழுத வேண்டா. ஏற்பதாயினும் மறுப்பதாயினும் அவளிடமே சொல்லுக.

குருந்தமலர் பொறித்த எம் முத்திரையை எம் கையாலேயே இட்டோம். பதவியைக் குறித்து இதில் எழுதியதெல்லாம் வேண்டுகோள். ஆணை ஒன்றே ஒன்று. ஓலையைச் சுருட்டி வைத்துவிட்டு இப்போதே சாவடிக்கு இறங்கிச் செல்க. அவள் தனியே இருக்கிறாள்.