சட்டையோட ஒரு வாழ்த்து

வைகாசி 4, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையப் பொளக்குது. தையக்காரர் சட்டையக் குடுத்துட்டார். வெள்ளை மல்லுத் துணி. கழுத்து கொஞ்சம் இறுக்கம், பரவால்ல.

வெள்ளிக்கிழமை ஊர்ப் பண்ணையக்காரர், பெரிய பண்ணாடி மகன் கல்யாணம். மணவறைக்கு முன்னால நின்னு வாழ்த்துச் சொல்றது நான். ஊருக்குச் சவரமும் எங்க குடும்பம், கல்யாணத்துக்கு வாழ்த்தும் எங்க குடும்பம். அப்பன் போனதிலிருந்து நான்தான். இதுவரைக்கும் வெத்து உடம்பு, இடுப்புல துண்டு. இந்தத் தடவை சட்டை. முடிவு பண்ணிப்போட்டேன்.

என்ற சவரக் கடைக்கு வந்த பேப்பர்ல ஒரு ஜமீன் கல்யாணம். 'வெகு விமரிசையாக நடந்தேறியது.'

விமரிசை - பந்தலும் பெருசு, சத்தமும் பெருசு.
சீர் - பொம்பளைங்க கையால செய்யறது. தப்பினா மறுக்காச் செய்யலாம்.
சாங்கியம் - ஏன்னு கேட்டா எவனுக்கும் தெரியாது. விட்டா மட்டும் அடிக்க வருவான்.

நான் வாழ்த்துச் சொல்றப்ப பந்தலே வாயை மூடுதே, அதுக்கு என்ன பேரு? சவரத்துக்கு வந்த வாத்தியாரக் கேட்டேன். "கம்பீரம்"னார். அது யானைக்குங்கன்னேன். யோசிச்சு, "பயபக்தி"ன்னார். பக்தி சரி. பயம் எதுக்கு?

கண்ணாடி துடைக்கணும். சோப்பு தீந்துபோச்சு.

வைகாசி 5, செவ்வாய்

கடை லீவு. பண்ணாடி ஊட்டுக்குக் கூப்பிட்டு விட்டாங்க. வாசல்ல நின்னேன். வெள்ளிக்கிழமை வேலையெல்லாம் சொன்னார். கேட்டுக்கிட்டு, "சட்டை போட்டுட்டுத்தான் வாரேனுங்க"ன்னேன்.

"ஏண்டா மாரா, சபை மரியாதை தெரியாதாடா உனக்கு?"

"சபைக்கு மரியாதையாத்தானுங்க புதுசாத் தெச்சேன்."

"மோகனூர்ல உன்ற மச்சான் இருக்கான்ல? நாளைக்கே வண்டி அனுப்பறேன். அவனுக்கும் வாழ்த்துத் தெரியும். நீ சட்டையப் போட்டுட்டு உன்ற ஊட்டுலயே உக்காரு."

வரவழியெல்லாம் வேகவேகமா நடந்தேன். பயம் இல்ல, கோவம். என்ற பொஞ்சாதி பொன்னாயிகிட்டச் சொன்னேன். முறத்த எடுத்துட்டு உள்ள போயிட்டா.

வைகாசி 6, புதன்

விடியறப்பவே பொன்னாயி பஸ் ஏறிட்டா. "மோகனூருக்கு, தம்பி ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்." எதுக்குன்னு கேட்டா, "பாத்து நாளாச்சு." போச்சு. பயந்துட்டா. தம்பியாவது நல்ல பேரு எடுக்கட்டும்னு நெனைக்கறா போல.

பழைய சோறு. ஊறுகா இல்ல.

வைகாசி 7, வியாழன்

மத்தியானம் வந்தா. தம்பி கருப்பணன் வரேன்னு ஒத்துக்கிட்டானாம், பண்ணாடி வண்டி அங்க நிக்குதாம். "ஒத்துக்கிட்டானா?"ன்னு கத்தினேன். "ஆமாங்க"ன்னுட்டு அடுப்பு பத்த வெச்சா. என்ற மச்சானே! நாளைக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடாட்டியும் போறேன். சட்டையோட போய் பந்தக்கால் ஓரமா நிப்பேன். அடிச்சா அடிக்கட்டும்.

வைகாசி 8, வெள்ளி

எழுதக் கை ஓடல. இருந்தாலும் எழுதறேன்.

பந்தல் நெறஞ்ச கூட்டம். பண்ணாடி பட்டு ஜிப்பாவுல. என்னப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டார். மோகனூர் வண்டி வந்து நின்னுது. கருப்பணன் எறங்கறான். ஒடம்புல சட்டை! பச்சைக் கோடு போட்டது, யாரோடதோ இரவல், தோளு முழங்கை வரைக்கும் தொங்குது. கழுத்துப் பொத்தான் இல்லாம ஊசி குத்தியிருக்கான்.

நேரா வந்து என் பக்கத்துல நின்னான். "அக்கா சொல்லுச்சு மாமா."

அடிப்பாவி பொன்னாயி!

"ரெண்டு பேரும் கழட்டுங்கடா!" பண்ணாடி கத்தினார். நாங்க அசையல. அப்பப் பொம்பளைங்க பக்கத்திலிருந்து பொன்னாயி கொரலு. அவதான் ஊருக்கு மருத்துவச்சி. "ஏனுங்க, உங்க மகன் என்ற கையிலதானுங்க பொறந்தாரு. பொறக்கையில சட்டையோடயா வந்தாரு?"

பொம்பளைங்க கொல்லுனு சிரிச்சுட்டாங்க. மாப்பிள்ளை தலை குனிஞ்சுக்கிட்டார், தோளு மட்டும் குலுங்குது. கல்யாணத்த நடத்தி வெக்கற பெரியவர், "முகூர்த்தம் தப்புதுங்க"ன்னார். பண்ணாடி போய் நாற்காலியில உக்காந்துக்கிட்டார். மேளக்காரர் என்னப் பாத்தார். ஒரு தட்டு தட்டினார்.

ஆரம்பிச்சேன். எப்பவும் பாதியில "சுருக்கமாச் சொல்லுடா"ம்பாங்க. இன்னைக்கு ஒரு வரி விடல. ஒவ்வொரு வரிக்கும் மேளம் ஒரு தட்டு. எவனும் இருமல. கைக்கொழந்தைகூட அழல. அதுக்குப் பேரு இன்னும் கெடைக்கல எனக்கு. முதுகெல்லாம் வேர்வை, சட்டை ஒட்டிக்கிச்சு. சந்தோசமா இருந்துச்சு.

முடிஞ்சதும் பண்ணாடி பக்கத்துல வந்தார். "இனி என்ற ஊட்டுப் பக்கம் கத்தியத் தூக்கிட்டு வராதே."

"சரிங்க."

கருப்பணனுக்கும் அதே உத்தரவு. வெத்தலை பாக்கு ரெண்டு பேருக்கும் இல்ல.

வைகாசி 10, ஞாயிறு

லேசாத் தூறல். கடையில நல்ல கூட்டம். பாதிப் பேரு சட்டையப் பாக்க வந்தவங்க. பொன்னாயி தொவைச்சுக் காயப்போட்டிருக்கா. அவகிட்ட, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"ன்னேன். "சொல்லியிருந்தா நீங்க வியாழக்கிழமையே ஊரெல்லாம் தமுக்கடிச்சிருப்பீங்க." நெசந்தான்.

வைகாசி 11, திங்கள்

பண்ணாடி ஆள் வந்தான். நாளு கெழம பாத்து மறு அழைப்புக்குச் சம்மந்தி ஊட்டுக்குப் போகணுமாம், தாடி முள்ளு முள்ளா நிக்குதாம், முடியும் வெட்டணுமாம். ஊட்டுக்கு வரச்சொன்னாராம்.

கத்தியத் தூக்கிட்டு வரக்கூடாதுன்னு உத்தரவுங்களே, கடைக்கு வரச்சொல்லுங்கன்னேன். நாற்காலி இருக்கு, கண்ணாடி இருக்கு. வந்தா ஜிப்பாவ மட்டும் கழட்டிட்டு உக்காரச் சொல்லுங்க, முடி படும்.