பல்புக்கு அடியில் கறிவேப்பிலை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
12-8-1934

சௌபாக்கியவதி அங்கம்மாளுக்கு உன் வீரமுத்து எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கு நான் சுகம். உன் முட்டுவலி நிஜமாகவே குறைந்ததா, இல்லை எனக்காக அப்படி எழுதுகிறாயா?

நீ கொடுத்தனுப்பிய விதையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று முளைத்தது. வெளியே வைத்தால் ஆடு மேயும். ஆடு விட்டதைப் பக்கத்து வீட்டார் ரசத்துக்குக் கிள்ளுவார்கள். அதனால் ஜன்னலில்லாத என் அறையிலேயே, மின்சார பல்புக்கு அடியில் வைத்தேன். வேலைக்குப் போகும்போதும் விளக்கை அணைப்பதில்லை. முதலில் வெளுத்த கன்று, பிறகு பச்சை பிடித்தது. பல்பின் மகிமை என்று பூரித்துப்போனேன்.

ஆனால் ஒருநாள் தொட்டியின் அடியில் செம்மண் ஒட்டியிருந்தது. அறையோ சிமெண்டுத் தரை. என்னோடு தங்கியிருக்கும் சின்னையா மேல் சந்தேகம் வந்தது. இரவு வேலைக்காரன், பகலெல்லாம் அறையில் இருப்பவன். தினமும் இலைகளை எண்ணினேன். ஒன்றுகூடக் குறையவில்லை, அதுதான் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

நேற்று வயிற்றுவலி என்று பொய் சொல்லி மத்தியானமே வந்துவிட்டேன். சின்னையா தொட்டியை வாசல் வெயிலில் வைத்து, தூக்கக் கண்ணோடு குச்சியால் ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தான்.

"பல்பு வெளிச்சம் பத்தலண்ணே. சொன்னா வெளிய விடமாட்டீங்களே," என்றான்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. அவனுக்குக் கடிதம் வந்து நான் பார்த்ததில்லை. அடுத்த கடிதத்தில், சின்னையா தம்பி சுகமா என்று ஒரு வரி எழுது. நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. அவன் பெரிய சந்தேகப் பிராணி.

வீரமுத்து