படிவத்தில் ஒரு புதிய கேள்வி

மாத்தளை
9.2.1969

அன்புள்ள மங்கையற்கரசிக்கு,

உமது முழங்கால் நோவு குறைந்ததா? பிள்ளைகள் மூவரும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை. நான் தங்கியிருக்கும் வாடிவீட்டுச் சாப்பாடும் பழகிவிட்டது.

போன கிழமை லக்கலப் பக்கம் போனேன். மலேரியா ஆராய்ச்சித் திட்டத்துக்கு நான்தான் தலைவன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பீர். கொழும்பில் எட்டு மாதம் இருந்து வகுத்த திட்டம். வீடு வீடாக நுளம்பு எண்ணினோம், சுவர்களுக்கு மருந்தடித்தோம். காய்ச்சல் மட்டும் குறையவில்லை. எங்களோடு வேலை செய்யும் மாத்தளைக்காரர் யஹ்யா மெதுவாகச் சொன்னார்:

“சேர், ராவைக்கு இந்த வீடுகள்ல யாரும் படுக்கிறதில்ல. யானை பயிரை அழிக்காம காவலா எல்லாரும் காட்டுச் சேனைத் தோட்டத்துக் குடிசையிலதான் இருக்கிறாங்க.”

அதை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. சிரித்துச் சமாளித்துவிட்டு, “நேற்றிரவு எங்கே படுத்தீர்கள்?” என்று வீட்டுக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தேன். நீர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

கறித்தூள் முடிந்துவிட்டது. அனுப்பும்போது விலாசத்தை மகனிடம் கொடுக்காமல் நீரே எழுதும். பொட்டலத்தை அந்தப் பழைய சேலைத் துணியிலேயே கட்டும்.

தபாலுக்கு ஜீப் புறப்படுகிறது. இன்று காலை யஹ்யா புதிய படிவத்தை முதலில் என்னிடமே கேட்டுப் பார்த்தார். நம் வீட்டில் ஐந்து பேர் என்றேன்.

“நேத்து ராவு அந்த வீட்டுல எத்தனை பேர் படுத்தாங்க, சேர்?”

நாலு என்று எழுதச் சொன்னேன்.

உமது
ஆறுமுகநாதன்