நானாவும் கீமோவுக்கு அடங்காத கலங்களும்

நானா,

காலையில் பேராதனை ஆய்வுகூடத்தில் இன்கியூபேட்டரைத் திறந்தேன். உயிர்க்கலங்கள் வளரும் அந்த இளஞ்சிவப்புத் திரவத்தைக் கண்டதும் உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே எரிச்சலும். தங்கச்சியைக் கூட்டிப்போக என்று ஒருமுறை வந்தபோது எட்டிப்பார்த்து, "என்னடி இது, ஃபலூடா சிரப்பா? நம்மட கடையில ஈக்கிறதவிடக் கலர் குறைவாத்தான் ஈக்கி" என்றீர்கள். கலகெதரயில் கூல் ஸ்பாட் என்று குளிர்பானக் கடை நடத்துகிறவருக்கு உலகமே ஃபலூடாதான்.

அந்தக் குப்பியில் இருந்தவை உணவுக்குழாய்ப் புற்றுநோய்க் கலங்கள். அடுத்த வருடமே அதே நோய் உங்கள் தொண்டைக்குக் கீழே வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவரை என் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனிதர், பிறகு கேள்வி கேட்டே உயிரை எடுத்தீர்கள். நானும் பொறுமையாகச் சொன்னேன். மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது கலத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய துண்டு. அது தானாக எதையும் உண்டாக்காது, கலம் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் மற்றச் செய்திகளின் வாயை அடைக்கும். கலத்தைச் சாகச் சொல்லும் செய்தியை அடைத்துவிட்டால், கீமோ மருந்து போட்டாலும் கலம் சாகாது. அந்தத் துண்டையே நாங்கள் தடுத்தால் சிலவேளை சாகும்.

"அப்ப எனக்கும் அதத் தடுத்து உடேன்."

"நானா, அது குப்பியில வளருற கலத்துக்கு. மனுசருக்குக் குடுக்க இன்னும் மருந்தில்ல. நீங்க கீமோவ ஒழுங்கா எடுங்க, போதும்."

எடுத்தீர்களா? முதலில் போட்ட ஊசிகளுக்குக் கட்டி சுருங்கியது, கஞ்சி இறங்கியது, வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. அதற்குள் ரமழான் வந்தது. "நோன்பு முடியட்டும், பெருநாளைக்குப் பொறகு ஊசி போடுவம்" என்றீர்கள். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று பள்ளிவாசல் மௌலவியே வீடு தேடி வந்து சொன்னார். தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவர் வாசலைத் தாண்டியதும் மதினியிடம் விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு என்ன சமையல் என்று கேட்டீர்கள். என்ன மனிதரோ!

"விளையாடாதீங்க நானா, உங்கட உசிரு இது!"

"அல்லாஹ் ஈக்கிறான். நீ சத்தம் போடாத."

அல்லாஹ் இருப்பது எனக்குத் தெரியாதா? அடுத்த ஊசிக்குத் திகதியும் இருந்ததே!

பெருநாளுக்குப் பிறகு போட்ட ஊசிக்குக் கட்டி அசையவேயில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டீர்கள்.

மதினி இன்றும் கேட்கிறா, "அந்த ஒரு மாசம் பிந்தினதாலயா புள்ள?" என்று. நான் என்ன சொல்ல? பிந்தியதாலும் இருக்கலாம். சாகாமல் தப்பிய கலங்களில் அந்தத் துண்டு முதலிலிருந்தே கூடுதலாக இருந்து, நேரத்துக்குப் போட்டிருந்தாலும் அவையே வென்றிருக்கலாம். உங்கள் கட்டியை யாரும் அப்படிச் சோதிக்கவில்லை. இனிச் சோதிக்கவும் முடியாது.

இன்று அந்தத் துண்டைத் தடுத்த கலங்கள் மருந்துக்குச் செத்துக் கிடந்தன. கூட வேலை செய்கிறவர்கள் கைதட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. குற்றம் அந்தத் துண்டினுடையது என்றால் உங்களை ஏச எனக்கு என்ன உரிமை? ஆனாலும் ஏசிக்கொண்டுதான் இருக்கிறேன், நானா. இதையும் விட்டுவிட்டால் உங்களோடு பேச எனக்கு வேறொன்றும் இல்லை.