பன்னிரண்டாயிரம் அடி நடந்தது யார்?

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? சர்க்கரை எவ்வளவு?

நான் அனுப்பிய கைக்கடிகாரம், ஞாயிறு மதியம் மட்டும் நீங்கள் பன்னிரண்டாயிரம் அடி நடந்ததாக என் போனுக்குச் சொல்கிறது. மாடி ஏறவே மூன்று இடத்தில் நிற்பவர் நீங்கள். போனில் கேட்டால், "நான்தான்டா நடந்தேன், சும்மா துருவாத" என்கிறீர்கள். பின்னால் அம்மா சிரிப்பை அடக்கியது கேட்டது. கடிகாரத்தை அக்கா மகள் கையில் கட்டி ஓடவிட்டு, நீங்கள் நொறுக்குத்தீனியோடு உட்கார்ந்திருப்பீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

நானும் அன்று ஓடப்போய்க் கணுக்கால் பிசகி, ரொட்டியைத் தின்றுகொண்டு அறையில் கிடந்தேன். வீக்கம் வடிந்துவிட்டது. அம்மா தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்புங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகக் கம்பெனி வண்டி வந்துவிட்டது. இருநூறு அடியானாலும் நீங்களே கட்டிக்கொண்டு நடங்கள். தினமும் கண் விழித்ததும் அந்த எண்ணைத்தான் பார்க்கிறேன், அப்பா எழுந்துவிட்டாரா என்று தெரிந்துகொள்ள.

உங்கள் மகன்